நாலடியில் இறுகிய வளையம்

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் செங்கல்பட்டு போகிற முதல் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நான் கேமராவை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் லென்ஸின் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். அது திரும்பவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். அப்போதும் அசையவில்லை.

எனக்கு எதிரே ஒரு குடும்பம் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. போட்டோவுக்கு நிற்கும்போது மூச்சு விடக்கூடாது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு என் கையையே பார்த்தார்கள்.

“ஆச்சாம்மா?” என்றார் வரிசையின் ஓரத்தில் நின்ற பெரியவர், உதட்டை அசைக்காமல்.

“மூச்சு வுடுங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

மார்கழி மாதம். வெயில் வந்துவிட்டது, சூடு வரவில்லை. ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் பஸ்ஸின் புகையும் டீக்கடையின் பால் வாசனையும் கலந்திருந்தன. கண்டக்டர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று விசிலை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த விசிலைப் பிடுங்கி எறியவேண்டும்போல எனக்கு இருந்தது.

எல்லையில் சண்டை என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த வருஷம். வரிசையின் நடுவில் காக்கி உடுப்பில் நின்றிருந்த ஏழுமலை லீவில் வந்தவன். பாதி லீவில் திரும்பி வரச்சொல்லித் தந்தி வந்துவிட்டது. அந்த பஸ்ஸில்தான் அவன் போகவேண்டும்.

எனக்கும் பொறுமைக்கும்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பிறவிக் குணம். உலை மூடியைத் திறந்து திறந்து பார்த்தே சோற்றை வேகவிடாத கை என்னுடையது. என் வீட்டுக்காரர் நேர்மாறு. அவர் பல் தேய்த்து முடிப்பதற்குள் நான் துணி துவைத்து, உலர்த்தி, அது காய்ந்ததா என்று ஒருமுறை தொட்டும் பார்த்துவிடுவேன்.

நான் கேமராவைத் தொட்டதும் இந்தப் பொறுமையின்மையால்தான். கடைத்தெருவில் அவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பெண்களைப் படமெடுக்க அழைத்து வருவார்கள். அந்தப் பெண்கள் அந்நிய ஆண்பிள்ளைக்கு எதிரே தலையைத் தூக்க மாட்டார்கள். இவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, “கொஞ்சம் நிமிருங்க, கொஞ்சூண்டு நிமிருங்க” என்று கெஞ்சிக்கொண்டே இருப்பார். உள்ளே அடுப்பில் வேலையாக இருக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் தாங்கமுடியாமல் வெளியே வந்து, “நீங்க போய் காபி சாப்பிடுங்க” என்று அவரை அனுப்பிவிட்டு நானே எடுத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தே விட்டது. அதிலிருந்து பெண்கள் படமென்றால் நான், மற்றதெல்லாம் அவர் என்று ஆகிவிட்டது. ஊரில் எனக்கு ‘ஸ்டுடியோ அம்மா’ என்று பெயர்.

சின்னக் கேமரா எனக்கென்று வந்தது அதற்குப் பிறகுதான். ஜெர்மனியில் செய்தது. மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் வாங்கினோம். யாரோ ஒரு துரை வைத்திருந்தது என்று கடைக்காரர் சொன்னார். பக்கத்திலிருந்த ஓட்டைக் குடை ஒன்றுக்கும் அவர் ஒரு துரையைச் சொன்னார்.

அந்தக் கேமராவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அதன் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரிவார். மங்கலாக ஒருவர், அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பத் திருப்ப இருவரும் நெருங்கி வருவார்கள். இருவரும் ஒருவராகும்போது நிறுத்தி, பொத்தானை அழுத்தினால் படம் தெளிவாக விழும். வளையத்தின் மேல் அடிக்கணக்கு எழுதியிருக்கும். கிட்டத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம், தூரத்தில் நிற்பவருக்கு மறுபக்கம் திருப்ப வேண்டும்.

அன்றைக்கு அது நாலடியில் நின்றிருந்தது. முந்தின நாள் மத்தியானம் ஒரு கைக்குழந்தையை எடுத்தேன், அந்தக் கணக்கில். அப்போது வெண்ணெயாகத் திரும்பியது. இப்போது குடும்பம் பத்தடி தூரத்தில் நிற்கிறது, வளையம் நாலடியை விட்டு நகரமாட்டேன் என்கிறது.

ஏழுமலை கேட்டது

முந்தின நாள் சாயங்காலம் ஏழுமலை ஸ்டுடியோவுக்கு வந்திருந்தான். மானாம்பதிக்காரன். கூலிவேலைக் குடும்பம். தெருவிலேயே நின்றுகொண்டு குரல் கொடுத்தான். உள்ளே வரச்சொன்னேன். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வந்து, உட்காராமல் நின்றான்.

“நாளிக்கு மொத பஸ்ஸுக்குப் போறேம்மா. வூட்டு ஜனத்த பஸ் ஸ்டாண்டுக்கு இட்டாறேன். ஒரு போட்டோ புடிக்கணும்.”

“அவர் கூரத்துல கோயில் உற்சவத்துக்குப் படம் புடிக்கப் போய்கீறாரு. பெரிய கேமரா அவருகிட்ட கீது. சின்னதுல நான் எடுக்கிறேன். எத்தினி பேரு?”

“கொய்ந்தயோட அஞ்சு பேரு.” கொஞ்ச நேரம் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களைப் பார்த்தான். “எப்டினா எடும்மா. ஆனா எங்கம்மா மூஞ்சி தெளிவா வரணும்.”

“மத்தவங்க மூஞ்சி?”

“வந்தாலும் சரி, வராங்காட்டியும் சரி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பெண்டாட்டி, பிள்ளை எல்லோரும் இருக்க, இதென்ன கணக்கு என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

“சென்ட்ரி நிக்க சொல்லோ வூட்டு நெனப்பு வரும்மா. பொண்டாட்டி மூஞ்சி வர்து. கொய்ந்த மூஞ்சி வர்து. எங்கம்மாவ நெனச்சா பொடவ வர்து, கொரலு வர்து, மூஞ்சி மட்டும் வரமாட்டேங்குது. எம்மா நேரம் கண்ண மூடிக்கினு நின்னாலும் வரல. அப்பால யோசிச்சிப் பாத்தேன். அது நாத்து நட சொல்லோ குனிஞ்சிக்கினு கீது, கள எடுக்க சொல்லோ குனிஞ்சிக்கினு கீது, எதிர்ல பெரிய மனுசங்க வந்தாலும் குனிஞ்சிக்கினு கீது. நேரா பாத்தாத்தானே நெனப்புல நிக்கும்?”

தெளிவாக எடுத்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் போனபிறகு கேமராவைத் துடைத்து, பிலிம் போட்டு, வளையத்தை ஒருமுறை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓட்டிப் பார்த்து, பழையபடி நாலடியில் விட்டு வைத்தேன். அப்போதும் நன்றாகத்தான் திரும்பியது. அந்தத் தைரியத்தில்தான் பஸ் நிலையத்துக்குப் போய் நின்றேன்.

வாசனை

திருகித் திருகி விரல் சிவந்துவிட்டது. பலத்தைப் போட்டுத் திருப்பவும் பயம். அந்த வளையத்தைப் பிடித்திருப்பவை கடுகளவு திருகாணிகள். அதில் ஒன்று எப்போதோ கழன்று காணாமற்போயிருந்தது. முரட்டுத்தனமாகத் திருப்பினால் வளையம் மட்டும் வெறுமனே சுற்றும், உள்ளே கண்ணாடி நகராது. பிறகு அந்தக் கேமராவை வைத்து ஊறுகாய் ஜாடியைத்தான் மூட வேண்டும்.

எரிச்சலில் மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினேன். விரலில் தேங்காய் எண்ணெய் வாசனை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்குத் தேங்காய் எண்ணெய் மேல் ஒரு பக்தி. தலைக்குத் தேங்காய் எண்ணெய், கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய், கத்தரிக்கோலுக்கு, சைக்கிள் சங்கிலிக்கு, பூட்டுக்கு, தேள் கடிக்குக்கூட அதுதான். ஐப்பசி வாக்கில் ஒருநாள் நான், “இந்த வளையம் கொஞ்சம் கரகரங்குது” என்று சொல்லியிருந்தேன். மனிதர் எனக்கு உதவி செய்துவிட்டார். ஐப்பசியில் ஊற்றியது அப்போது தண்ணீராக இருந்திருக்கும். மார்கழிக் காலையில் அலமாரியில் எண்ணெய்ப் புட்டி எப்படி வெள்ளைக் கட்டியாக இருக்குமோ, அப்படி இப்போது லென்ஸின் திருகு மரைக்குள் உறைந்து உட்கார்ந்திருக்கிறது. மத்தியானமானால் இளகும், காலையில் இறுகும்.

அவர் மட்டும் அன்று கூரத்தில் இல்லாமல் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

எண்ணெய் உறைந்தால் காட்டவேண்டியது சூடு. டீக்கடைக்கு ஓடினேன். பாய்லர் பக்கத்தில் கேமராவை நீட்டினேன்.

“யம்மா, யம்மா! இன்னா பண்றே?” என்று டீக்கடைக்காரர் அலறினார். “வெடிச்சிறப் போவுது!”

“வெடிக்காது. நீ டீய ஆத்து.”

வளையம் ஒரு மயிரிழை அசைந்தமாதிரி இருந்தது. சந்தோஷத்தோடு கண்ணை வைத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. பாய்லரின் ஆவி பட்டுக் கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டது. முந்தானையால் துடைத்தேன். மறுபடி மூடியது. மறுபடி துடைத்தேன். அதற்குள் குளிர்காற்றில் வளையம் பழையபடி இறுகிவிட்டது.

கண்டக்டர் விசில் ஊதினார்.

“ஒரு நிமிஷம் இருப்பா!”

“எம்மா நிமிஷம்தாம்மா ஒரு நிமிஷம்? செங்கல்பட்டுல ரயிலு எனுக்காக நிக்காது. பட்டாளத்துக்காரன்னு பாத்துக்கினு இருக்கேன்.”

கால் வராத படம்

நான் வரிசைக்குத் திரும்பி ஓடிவந்தேன். நாலடியில் நிற்கும் ஒரு முகம் மட்டும்தான் விழும், அதற்கு அப்பால் நிற்பவரெல்லாம் புகையாகப் போய்விடுவார்கள் என்று ஏழுமலையிடம் சொன்னேன். அழாத குறைதான். வாக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறவளின் வயிற்றெரிச்சல் வேறு யாருக்கும் புரியாது.

அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “அப்போ எங்கம்மாவ எடு.”

ஓரத்தில் நின்ற பெரியவருக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. அவர் ஏழுமலையின் சித்தப்பா. “இன்னாடா இது? கிட்டத்துல எட்தா காலு வராதே!”

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் படமென்றால் தலைமுதல் கால்வரை விழவேண்டும். நான் எடுத்ததில் ஒருவருக்குக் கட்டைவிரல் வெட்டுப்பட்டதற்கே, அந்த வீட்டில் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. படத்தில் கால் இல்லையென்றால் கால் ஓய்ந்துவிடும் என்று ஒரு பயம். நின்றால் கை தொங்கவேண்டும், உட்கார்ந்தால் கை முட்டியில் இருக்கவேண்டும், மூன்று பேராக நிற்கக்கூடாது. இந்தச் சட்டமெல்லாம் யார் போட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“நடந்து வேல செஞ்சி சாப்புட்ற பொம்பளடா அது,” என்றார் சித்தப்பா. “காலு போச்சின்னா யாரு பாக்கறது?”

“சின்ன நைனா, நீ சும்மா கெட,” என்றான் ஏழுமலை. அதுவரை அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவன் மனைவி கன்னியம்மா குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, “மாமி, போயி நில்லு. பஸ்ஸு பூடப் போவுது” என்றாள்.

அவன் அம்மா முனியம்மா அசையவில்லை. வரிசையின் மறுகோடியில், தரையைப் பார்த்தபடி நின்றார். காதில் ஓலைச்சுருள், தோளில் ஒரு துணி மூட்டை, மகனுக்கு வழியில் தின்ன ஏதோ கட்டி எடுத்து வந்தது. அவர் வராவிட்டால் போகிறது, நான் போகிறேன் என்று கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

ஜன்னலுக்குள் இரண்டு முனியம்மா தெரிந்தார்கள். நான் ஓரடி வைத்தேன். அவர் ஓரடி பின்னால் வைத்தார். நான் இரண்டடி வைத்தேன். அவரும் இரண்டடி. அந்த இருவரும் ஒருவராகவே இல்லை.

இதை இப்போது படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எங்கள் தெருக்காரர்களோடு பேசும்போது முனியம்மாவின் சேரிச் சனம் ஒரு தூரம் விட்டு நிற்கும். யாரும் கயிறு போட்டு அளந்து கொடுத்ததில்லை. நாம் முன்னால் போனால் அவர்கள் கால் தானாகப் பின்னால் போகும். நான் பிறந்ததிலிருந்து அந்தத் தூரத்தைப் பார்த்திருக்கிறேன். அது இத்தனை பெரிய இடைஞ்சல் என்பது, பஸ்ஸுக்கு நேரமாகிற அந்தக் காலையில்தான் எனக்கு உறைத்தது.

“நில்லும்மா!” என்று கத்தினேன். “இன்னாத்துக்குப் பின்னாலயே போற?”

“நீ கிட்ட வர்றியேம்மா!” என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

“வந்தாத்தான் படம் வுயும்!”

“குளிச்சி முயுகிட்டு வந்துகீற. மேல பட்டுக்கப் போற. எட்டப் போம்மா!”

“பட்டா படட்டும், நில்லு!”

நான் விடவில்லை. டீக்கடை, வேப்பமரம், மாட்டுவண்டி என்று அவர் பின்னால் போய்க்கொண்டே இருந்தார், நான் முன்னால் போய்க்கொண்டே இருந்தேன். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். கடைசியில் அவர் முதுகு பஸ்ஸின் தகரத்தில் போய் முட்டிக்கொண்டது. பின்னால் போக இடமில்லை. இரண்டு பக்கமும் பார்த்தார். நான் நாலடிக்கு வந்துவிட்டேன்.

முனியம்மா தலையைத் தூக்கினார். நேராக என்னைப் பார்த்தார்.

“ஒனுக்கு இன்னா பைத்தியம் புட்ச்சிகீதா?”

இருவரும் ஒருவரானார்கள். அழுத்தினேன்.

பஸ் போனபிறகு

ஏழுமலை படியில் ஏறும்போது தன் பட்டாள விலாசத்தை என் கையில் கொடுத்தான். மூட்டையை மகனிடம் ஜன்னல் வழியாகத் திணித்துவிட்டு முனியம்மா மறுபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் ஏரிக்கரைத் திருப்பத்தில் மறைந்தது. கன்னியம்மா அழுதாள். சித்தப்பா, “காலு வரலியே” என்று இரண்டுமுறை சொன்னார்.

நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். திட்டு வாங்கிய ஆத்திரம் ஒரு பக்கம், படம் விழுந்ததா என்ற தவிப்பு ஒரு பக்கம். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, என்னையறியாமல் வளையத்தை நோண்டிக்கொண்டே இருந்தேன். வெயில் மரத்தைத் தாண்டி என் மடிக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் வளையம் சமர்த்தாக நாலடியிலிருந்து பத்தடிக்கும், பத்தடியிலிருந்து நாலடிக்கும் போய் வந்தது. அதைத் தூக்கிக் குளத்தில் போடலாமா என்று நினைத்தேன்.

அதைச் சரிசெய்த கதை

சாயங்காலம் கூரத்திலிருந்து அவர் வந்தார். வாசலில் சைக்கிளை நிறுத்தி, பெரிய கேமராவை இறக்கி, கால் கழுவி, துண்டால் துடைத்து, பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“எண்ணெ வுட்டீங்களா?”

“எதுல?”

“எதுல வுடல?”

அவர் யோசித்தார். “ரெண்டு சொட்டுதான் வுட்டேன்,” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் நல்ல மனிதராக இருந்ததுதான் பெரிய இடைஞ்சல்.

பிலிமை இருட்டறையில் எடுத்து வைத்துவிட்டு அடுத்த நாளே பிரித்தோம். பாய் விரித்து, அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் லென்ஸை வைத்தார். சின்னத் திருகாணி உருண்டால் தெரியவேண்டுமல்லவா? வளையத்தைக் கழற்றினால் உள்ளே பித்தளை மரை. பழைய மசகும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து பச்சைக் களிம்பாகியிருந்தது.

அந்த மரையை விடுவிக்குமுன் ஊசியால் இரண்டு பக்கமும் ஒரு கீறல் போடச்சொன்னேன். அந்த மரை பல இடங்களில் தொடங்கி மாட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் கழன்றதோ அதே இடத்தில் மாட்டாவிட்டால், பத்தடி என்று எழுதியிருக்கும், படம் பதினைந்தடியில் விழும்.

பெட்ரோலில் கோழி இறகைத் தோய்த்து ஒவ்வொரு மரையாக அவர் துடைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், எழுந்தேன், உலையைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். அவர் இன்னும் அதே மரையில் இருந்தார். நானாக இருந்தால் அந்த நேரத்துக்குள் மூன்று லென்ஸைத் துடைத்து மூன்றையும் கெடுத்திருப்பேன். சைக்கிள் கடையில் வாங்கிய மசகைத் தீக்குச்சி நுனியில் எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தடவினார். கீறலுக்குக் கீறல் நேர் வைத்து மாட்டினார். காணாமற்போன திருகாணிக்குப் பதிலாகக் கைக்கடிகாரத் திருகாணி ஒன்றைப் போட்டார். பிறகு கேமராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடுகிற இடத்தில் எண்ணெய்க் காகிதம் ஒட்டி, ஏரிக்கரைப் பனைமரம் அதில் தலைகீழாகத் தெளிவாக விழுகிறதா என்று பார்த்தோம். விழுந்தது.

“திருப்பிப் பாரு,” என்று என்னிடம் நீட்டினார்.

ஒரு விரலால் திருப்பினேன். ஓசையில்லாமல் போயிற்று. எனக்கு அவர்மேலிருந்த கோபமும் அதோடு போயிற்று என்று சொன்னால் பொய். ஒரு வாரம் வைத்திருந்தேன்.

திட்டுகிற முகம்

பிலிமைக் கழுவிக் காகிதத்தில் படம் போட்டபோது இருட்டறையில் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் முதலில் கண் வந்தது. பிறகு புருவம், மூக்கு, பாதி திறந்த வாய். முனியம்மா என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுருக்கமும், நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு முடியும்கூடத் தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அத்தனை தெளிவான படத்தை நான் எடுத்ததில்லை. இதையா ஒரு பிள்ளைக்கு அனுப்புவது என்று தயக்கமாகவும் இருந்தது. வேறு வழியில்லை, அனுப்பினேன்.

இன்னொரு பிரதியை வாங்கிக்கொள்ள முனியம்மா மானாம்பதியிலிருந்து நடந்தே வந்தார். ஸ்டுடியோ வாசலில், தெருவில் நின்றார். உள்ளே கூப்பிட்டால் வரவில்லை. நான் கொண்டுபோய்ப் படியின் ஓரத்தில் நின்று நீட்டினேன். படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது யாரு?”

“நீதாம்மா.”

“நானு இப்டியா கீறேன்?” படத்தில் தன் புருவத்தை விரலால் தடவினார். “கோவமா கீறேனே. புள்ள பாத்து பயந்துறப் போறான்.”

“காலு எப்டி கீது?”

“காலுக்கு இன்னா? நல்லாதான் கீது,” என்று சொல்லிவிட்டு, படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மானாம்பதி ரோட்டில் நடந்தார். சித்தப்பாவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியில்லை. வேறு எத்தனையோ பேருக்குப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் என்ன ஆனார்கள் என்று நினைத்ததில்லை. இந்தப் பையனை மட்டும் மறக்க முடியவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினாலே, மானாம்பதிக்கு ஏதாவது தந்தி போகிறதா என்று கேட்பேன். “ஒங்குளுக்கு இன்னாம்மா ஒறவு?” என்று அவர் கேட்டார். நான் உலையைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

நடந்து வந்தவர்

ஒரு வருஷம் கழிந்து, தை அறுவடை முடிந்த சமயம், ஒரு காலை நேரத்தில் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். கறுத்து, இளைத்து, ஏழுமலை நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, “பூட்ஸக் கயட்டாத, அப்டியே வா” என்று அதட்டினேன்.

உடுப்பின் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் காட்டினான். மூலை மடங்கி, நடுவில் தண்ணீர்க் கறை.

“கூட இருந்த பசங்க கேப்பானுங்கம்மா, இன்னாடா ஒங்கம்மா திட்டிக்கினே கீதுன்னு. டெய்லி இதுங்கிட்ட திட்டு வாங்கிக்கினுதான் படுப்பேன். இப்போ கண்ண மூடினா மூஞ்சி வர்து.”

பின்னால் குடும்பமே வந்திருந்தது. இந்தமுறை ஸ்டுடியோவின் பின்கட்டு முற்றத்தில் நிறுத்தினேன். நல்ல வெயில். சித்தப்பா எல்லோருடைய காலையும் குனிந்து சரிபார்த்தார். கன்னியம்மா, நடக்கப் பழகியிருந்த குழந்தை, ஏழுமலை, சித்தப்பா, கோடியில் முனியம்மா. பத்தடிக்கு வளையத்தைத் திருப்பினேன். எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். தலைமுதல் கால்வரை ஒரு படம் எடுத்தேன். சித்தப்பாவுக்குப் பரம திருப்தி.

“அவ்ளோதான்,” என்றேன்.

“இரும்மா,” என்றார் முனியம்மா. “என்ன இன்னொருவாட்டி எடு. இந்தவாட்டி சிரிச்சிக்கினு கீறாப்ல. புள்ள அத்தயும் எட்துக்கினு போவட்டும்.”

நான் பழக்க தோஷத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவரை நோக்கி நடக்கக் காலெடுத்தேன்.

“நீ அங்கியே நில்லும்மா. நானே வர்றேன்.”

நின்றேன். எனக்கு நிற்பது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். முனியம்மா வரிசையை விட்டு வெளியே வந்தார். தலையை நிமிர்த்திக்கொண்டு, லென்ஸைப் பார்த்துக்கொண்டு, முற்றத்தில் நடந்து வந்தார். அவர் வர வர நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். எட்டடி, ஆறடி, ஐந்தடி. ஒரு இடத்திலும் அது தடுக்கவில்லை. ஜன்னலுக்குள் ஒரே ஒரு முனியம்மா வந்துகொண்டிருந்தார்.

நாலடி வந்தது. அவர் நிற்கவில்லை. அதற்குக் கொஞ்சம் அப்பால் வளையமும் முடிந்துவிட்டது. அதற்குமேல் திருப்ப ஒன்றுமில்லை. அவர் இன்னும் வந்துகொண்டிருந்தார்.

நான்தான் ஓரடி பின்னால் வைத்தேன்.

“இன்னாத்துக்கும்மா பின்னால போற?” என்று சிரித்தார் முனியம்மா.